சிம் லிம் டவர்: எண்ணோடு போனால் மரியாதை

சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்குவேரை எல்லோருக்கும் தெரியும். கணினி, கேமரா, கைபேசி என்று முழுப் பொருள் வாங்குகிறவர்களின் கட்டடம் அது. ரோச்சோர் கால்வாயைத் தாண்டி எதிர்ப்பக்கம், 10 ஜாலான் புசார் என்ற முகவரியில் நிற்கும் சிம் லிம் டவர் வேறு ரகம். பெட்டியைப் பிரித்தால் உள்ளே என்னென்ன இருக்குமோ அவைதான் இங்கே விற்பனைக்கு: மின்தடை, மின்தேக்கி, டிரான்சிஸ்டர், ரிலே, மின்மாற்றி, சுவிட்ச், கம்பிச் சுருள், குமிழ், விசிறி. இரண்டு பெயர்களும் ஒன்றுபோல் இருப்பதால் ஸ்குவேரில் ஏறி இறங்கிவிட்டு, "அங்கே மின்தடை கேட்டேன், சிரித்தார்கள்" என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாலையைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான்.

மின்னணுச் சுற்றுகளைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களுக்குச் சிங்கப்பூரில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் "சும்மா பார்த்துவிட்டு வரலாம்" என்று போகிறவர்களுக்கு இது மோசமான இடம். கடைக்காரர்கள் விளக்கிச் சொல்ல உட்கார்ந்திருக்கவில்லை. எண்ணும் அளவும் சொன்னால் அரை நிமிடத்தில் இழுப்பறை திறக்கும். "விளக்கு எரியவில்லை, என்ன போடலாம்?" என்று கேட்டால், அவர் பார்வை உங்களைத் தாண்டி அடுத்த வாடிக்கையாளரிடம் போய்விடும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. எது கெட்டது என்று கண்டுபிடிப்பது நம் மேசையில் நடக்க வேண்டிய வேலை. கடையில் நடப்பது கொடுக்கல் வாங்கல். ஆகவே இந்த மதிப்புரையில் பாதி, கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியதைப் பற்றியதாக இருக்கும்.

நான் வன்தட்டுத் தொழிற்சாலை ஒன்றின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சேலையோ சுடிதாரோ அணிந்த ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண் கண்ணாடி மேசைக்கு முன் நின்றால், புதிதாகப் பார்க்கும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி "மகனுக்கா?" என்பதுதான். எனக்கு மகன் இல்லை. பதில் சொல்லாமல், "ஆயிரம் மைக்ரோ, முப்பத்தைந்து வோல்ட், நூற்றைந்து டிகிரி, கால் இடைவெளி ஐந்து மில்லிமீட்டர்" என்று ஒரே மூச்சில் சொல்வேன். அதன் பிறகு அந்தக் கேள்வி வராது. இப்போது தெரிந்த கடைகளில் என்னைக் கண்டதும் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். அந்தக் கட்டடத்தில் அது பெரிய வரவேற்பு.

அந்த ஆயிரம் மைக்ரோ மின்தேக்கி எதற்கு என்று சொல்கிறேன். என் தங்கை மகள் கர்நாடக இசை படிக்கிறாள். அவளுடைய பாட்டு ஆசிரியை வைத்திருந்த பழைய மின்னணுச் சுருதிப் பெட்டி முரலத் தொடங்கியது. "சுருதி சேரவே மாட்டேன் என்கிறது பெரியம்மா, பெட்டியே அபஸ்வரம்" என்றாள். திருகைத் திருப்பிப் பார்த்தும் சரியாகவில்லையாம். எனக்குக் கேட்டவுடனே சந்தேகம் வந்தது. அவள் பாடும் சுருதியின் உயரம் ஐந்து கட்டை. ஐந்து கட்டையின் ஷட்ஜம், அதாவது அடிப்படையான 'ஸ', 196 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே 98. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை முழு அலையாக நேர்மின்சாரமாக்கினால் மிஞ்சும் முரல் 100 ஹெர்ட்ஸ். தொண்ணூற்றெட்டும் நூறும் பக்கத்தில் பக்கத்தில் ஒலித்தால் நொடிக்கு இரண்டு முறை அலை எழும்பி அடங்கும். ஆறு கட்டை பாடுகிற பிள்ளையாக இருந்திருந்தால், "ஏதோ பின்னால் இரைகிறது" என்று மட்டும் சொல்லியிருப்பாள். இவளுக்கு அது சுருதி பிசகாகவே காதில் விழுந்திருக்கிறது. பெட்டியின் சுருதியில் குறை ஒன்றும் இல்லை, உள்ளே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் மின்வழங்கிதான் கெட்டுப்போயிருக்கிறது.

இந்த மாதிரி முரலுக்கு முதல் குற்றவாளி, மாறுமின்சாரத்தை நேராக்கும் டயோடுகளுக்கு அடுத்து நின்று, ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் பெரிய மின்தேக்கி. அதற்குள் இருக்கும் திரவம் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து, ஆயிரம் மைக்ரோஃபாரட் என்று மேலே எழுதியிருந்தாலும் உள்ளே நூறுகூட இருக்காது. கணக்கு எளிது: சுற்று இழுக்கும் மின்னோட்டத்தை 100-ஆலும் மின்தேக்கியின் அளவாலும் வகுத்தால் மின்னழுத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 100 மில்லியாம்பியர் இழுக்கும் பெட்டிக்கு 1000 மைக்ரோஃபாரட் இருந்தால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 1 வோல்ட். மின்தேக்கி பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டால் கணக்கில் அது 10 வோல்ட் ஆகிவிடும். அதற்குப் பின்னால் மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் 9 வோல்ட் ஒழுங்கி, உள்ளே வரும் மின்னழுத்தம் எப்போதும் தன் வெளியீட்டைவிட 2 வோல்ட் கூடுதலாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். பள்ளத்தில் அது 11-க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் முரல் ஒழுங்கியைத் தாண்டி ஒலிபெருக்கிக்குப் போய்விடும்.

அளக்கும் முறையும் சொல்லிவிடுகிறேன். மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட வோல்ட் அளவில் வைத்து, அந்த மின்தேக்கியின் இரண்டு கால்களிலும் முனைகளை வைக்க வேண்டும். இந்தப் பெட்டியில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஆரோக்கியமான பெட்டியில் அது அரை வோல்ட்டுக்குக் கீழேதான் இருக்கும். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நல்ல மின்தேக்கி ஒன்றை, நேர் எதிர் பார்த்து, பழையதன் கால்களோடு பக்கவாட்டில் கவ்விவிட்டு மறுபடி இயக்கினேன். முரல் நின்றது. இனி கடைக்குப் போகலாம். கையில் இருந்த அந்த மின்தேக்கியையே போட்டு மூடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அது உயரமானது, பெட்டியின் மூடி மூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூன்று முனைச் செருகியிலிருந்து 230 வோல்ட் நேராக உள்ளே வரும் பெட்டிகளில், மின்மாற்றியின் முதல் பக்கத்தைத் தொடவே கூடாது. கைபேசி மின்னேற்றி, தொலைக்காட்சி போன்றவற்றில் இருக்கும் நவீன மின்வழங்கிகளில் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் 230 வோல்ட் நேராக டயோடுகளுக்குப் போய், மின்தேக்கியில் 325 வோல்ட் அளவுக்கு ஏறி நிற்கும். செருகியைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். பொழுதுபோக்குக்காரர்கள் அவற்றைத் திறக்காமல் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். அதையும் டவரில் வாங்கலாம். அட்டையில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சரி, கடை. கட்டடத்தின் கீழ்த் தளங்களில்தான் பாகக் கடைகள் நெருக்கமாக இருக்கின்றன. நடைபாதை குறுகல், விளக்கு வெளிச்சம் மட்டம், அலமாரிகள் கூரைவரை. கையெழுத்தில் எண் ஒட்டிய சிறு இழுப்பறைகள் ஒரு சுவர் முழுக்க இருக்கும். அவற்றுள் எது எங்கே என்பது அந்தக் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். ஒரு கடை ஒலிப் பாகங்களில் கெட்டி, ஒன்று இணைப்பிகளில், மற்றொன்று மின்மாற்றிகளில். தன்னிடம் இல்லாததைக் கேட்டால் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விரலைக் காட்டிவிடுவார்கள். போட்டிக் கடைக்கு வழிகாட்டும் இந்தப் பழக்கத்தை வேறு வணிகத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

மின்தேக்கி கேட்டபோது ஒரு கடையின் சீன முதியவர் என்னிடம் திருப்பிக் கேட்டவை: வோல்ட் எத்தனை, தாங்கும் வெப்பம் 85 டிகிரியா 105 டிகிரியா, விட்டம் எவ்வளவு, உயரத்துக்கு இடம் இருக்கிறதா. நல்ல கடைக்காரருக்கு அடையாளம் இந்தக் கேள்விகள்தான். பழையது 25 வோல்ட், 85 டிகிரி. வோல்ட்டைக் கூட்டிக்கொள்ளலாம், குறைக்கக் கூடாது. ஆனால் கூட்டினால் உருவமும் பெரிதாகும். வெப்ப அளவில் 105 வாங்குவது எப்போதும் நல்லது. மின்தேக்கி இருக்கும் இடத்தின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. அதே இடத்தில் 105 டிகிரிக்காரன் 85 டிகிரிக்காரனைவிடப் பல மடங்கு நாள் தாங்குவான். காற்றாடி சுழலும்போதும் முப்பது டிகிரியை விட்டு இறங்காத நம் வீடுகளில் அந்தச் சில காசு வித்தியாசத்துக்குக் கஞ்சத்தனம் பார்ப்பதில் பொருளில்லை. விலை ஒரு கோப்பியைவிடக் குறைவு. புதியதைப் பற்றவைத்த பிறகு மீட்டர் 0.3 வோல்ட் அளவில் நின்றது. தங்கை மகள் பாடிக் காட்டினாள். அபஸ்வரம் இன்னும் சிறிது இருந்தது, ஆனால் இம்முறை பெட்டியில் இல்லை.

டவருக்குப் போகும்போது பழைய பாகத்தை ஒரு சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போவதுதான் தலையாய விதி. அதில் இருக்கும் எழுத்தைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சிறு பீங்கான் மின்தேக்கியில் 104 என்றிருந்தால் 0.1 மைக்ரோஃபாரட், 473 என்றிருந்தால் 0.047. கடைசி இலக்கம் எத்தனை சுழியம் என்று சொல்கிறது, அலகு பிக்கோஃபாரட். ஒலிக் குமிழ்களில் ஏ, பி என்று ஓர் எழுத்து அச்சிட்டிருக்கும். ஆசியாவில் செய்பவற்றில் பி என்பது சீராக ஏறுவது. ஏ என்பது காதுக்கேற்ப முதலில் மெல்லவும் பிறகு வேகமாகவும் ஏறுவது. ஒலி அளவைக் கூட்டிக் குறைக்க ஏ வேண்டும். பி போட்டால் குமிழைத் தொட்டவுடன் ஒலி பாய்ந்துவிட்டு, மீதிச் சுற்றில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். நீல உடல் கொண்ட மின்தடைகளின் வண்ணப் பட்டைகளை நம்பவே நம்பாதீர்கள். நீலத்தின் மேல் பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் ஒரே நிறமாகத் தெரியும். டவரின் விளக்கொளியில் இன்னும் மோசம். மீட்டரில் அளந்து, உறையில் எழுதிக்கொள்வது நல்லது.

"இரண்டும் ஒன்றுதான்" என்று கடைக்காரர் சொன்னால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒரு கடையில் பிசி547 டிரான்சிஸ்டர் கேட்டேன். இல்லை என்று 2என்3904 கொடுத்தார்கள். வேலைத் திறனில் பெரும்பாலான எளிய சுற்றுகளுக்கு இரண்டும் ஒன்றுதான், அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் கால் வரிசை தலைகீழ். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் பிசி547-இல் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர். அப்படியே செருகிவிட்டால் சுற்று முழுதாகச் செத்துவிடுவதில்லை, அதுதான் தொல்லை. கலெக்டரும் எமிட்டரும் மாறினாலும் டிரான்சிஸ்டர் மிகக் குறைந்த பெருக்கத்தோடு ஏதோ வேலை செய்யும். எல்இடி மங்கலாக எரியும். நாம் மின்தடையைச் சந்தேகித்து, மின்கலத்தைச் சந்தேகித்து, கடைசியில் விதியைச் சந்தேகிப்போம். அந்தக் கடை கால் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற மனத்தாங்கல் எனக்கு உண்டு. எந்த மாற்றுப் பாகம் வாங்கினாலும் கடை வாசலிலேயே கைபேசியில் அதன் தகவல் தாளைத் திறந்து கால் வரிசையைப் பார்த்துவிடுங்கள்.

இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும்போது டவர் எதற்கு என்று எங்கள் யீஷூன் புளோக்கில் எதிர்வீட்டுப் பையன் கேட்டான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறான், கெட்டிக்காரன், என்னை ஆன்ட்டி என்பான். நடைபாதையில் அவன் அம்மா வளர்க்கும் கறிவேப்பிலைக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி செய்தான். மண்ணின் ஈரம் அறியும் பலகையை ஓர் இணையக் கடையில் வாங்கினான். ஈரம் அறியும் பலகையில் இரண்டு வகை. வெளியே தெரியும் இரண்டு உலோகக் கால்கள் கொண்ட வகை மலிவு, ஆனால் ஈர மண்ணில் மின்னோட்டம் போய்க்கொண்டே இருப்பதால் ஒரு கால் விரைவில் அரித்துப்போகும். இவன் வாங்கியது அரிக்காத மற்றொரு வகை, மின்தேக்கத்தை அளப்பது. நல்ல தேர்வு. ஆனால் மண் காய்ந்தாலும் நனைந்தாலும் அளவு அசையவில்லை.

பலகையை வாங்கி உருப்பெருக்கியில் பார்த்தேன். அந்தப் பலகையின் மூல வடிவமைப்பில் இருக்க வேண்டியது டிஎல்சி555 என்ற ஐசி, அதாவது ஒரு முழுச் சுற்றையே அடக்கிய சில்லு. அது 2 வோல்ட்டிலேயே வேலை செய்யும். இவனுடையதில் பற்றவைத்திருந்தது பழைய என்இ555. 1972-இல் சந்தைக்கு வந்து இன்றும் விற்கிற அருமையான ஐசிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதற்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். பலகையிலோ 3.3 வோல்ட் ஒழுங்கி. வெளியே 5 கொடுத்தாலும் ஐசிக்குப் போவது 3.3-தான். இரண்டு ஐசிகளுக்கும் எட்டுக் கால்கள், அதே வரிசை. டவரில் அதே சிறிய உருவத்தில் டிஎல்சி555 இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். பையன் எண்ணைச் சொன்னான், இழுப்பறை திறந்தது, வாங்கி வந்து மாற்றினான், அளவு அசைந்தது. ஆயிரம் பாகங்கள் கொண்ட பெட்டியை இணையத்தில் வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மின்தடைகளுக்கு அதுவே சிக்கனம். எண் மட்டும் முக்கியமான ஐசிகளை முகம் தெரிந்த கடையில் வாங்குவதே என் வழக்கம்.

அதே கருவியில் இன்னொரு கூத்தும் நடந்தது. மேசையில் ஒழுங்காக வைஃபையில் இணைந்த இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை, அவன் "பட்டறை"யில் இணையவே இல்லை. பட்டறை என்பது போர்க்காலத்தில் ஒதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டிய பாதுகாப்பு அறை. கனமான கம்பிக் கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு. வானலைக்கு அதைவிட நல்ல சிறை வேண்டுமா? மென்பொருளைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தவனிடம் கதவைத் திறந்து வெளியே வந்து பார்க்கச் சொன்னேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அந்த அறையைப் பட்டறையாக்குகிறவர்கள் பலர். பெட்டிகளை அடுக்கிவைக்க நல்ல இடம். பற்றவைக்க மட்டும் கூடாது. சன்னல் இல்லாததால் புகை வெளியேறாது. நான் சமையலறை சன்னல் ஓரத்தில் சிறு விசிறி வைத்துப் பற்றவைக்கிறேன்.

பற்றவைக்கும் ஈயம் கேட்டால் டவரில் எது வேண்டும் என்று கேட்பார்கள். 63/37 என்ற வெள்ளீய, காரீயக் கலவை 183 டிகிரியில் ஒரே அடியாக உருகி ஒரே அடியாக உறையும்; புதியவர்களுக்கு அதுதான் இணக்கம். காரீயம் இல்லாதது 217 டிகிரியில்தான் உருகத் தொடங்கும், இணைப்பும் மங்கலாகவே தெரியும். நல்ல இணைப்பா என்று கண்ணால் சொல்வது கடினம். காரீயம் நஞ்சு என்பதால், வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் சிரமப்பட்டாவது இரண்டாவதை வாங்குங்கள். முதலாவது வாங்கினால் வேலை முடிந்து கையைக் கழுவாமல் வடையைத் தொடாதீர்கள்.

மல்டிமீட்டர் வாங்க டவர் நல்ல இடம், ஒரு நிபந்தனையோடு: பையில் ஒரு 9 வோல்ட் மின்கலம் எடுத்துப்போங்கள். மீட்டரை மாறுமின்னோட்ட அளவில் வைத்து மின்கலத்தை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அளந்து பாருங்கள். ஓரிரு நொடியில் சுழியத்துக்கு வந்துவிட்டால் நல்ல மீட்டர். மிக மலிவான சில மீட்டர்கள் ஒரு பக்கம் சுழியமும் மறுபக்கம் இருபதுக்கு அருகேயும் காட்டும்; அவற்றால் நான் மேலே சொன்ன முரலை அளக்க முடியாது, நேர்மின்சாரத்தையே முரல் என்று சொல்லிப் பயமுறுத்தும். 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் உருகி இல்லை என்று அச்சிட்ட மீட்டரையும் தவிர்க்கவும். முனையை அந்தத் துளையில் மறந்துவிட்டு மின்னழுத்தம் அளந்தால் அது நேரான குறுக்குச்சுற்று. நான் இப்படிச் சோதிப்பதைப் பார்த்து முகம் சுளித்த கடை ஒன்று உண்டு. அங்கே நான் மீட்டர் வாங்கவில்லை. "பாருங்கள், நன்றாகப் பாருங்கள்" என்று தன் மின்கலத்தையே எடுத்துக் கொடுத்த கடையும் உண்டு.

பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிச் சுற்று அமைக்கும் பிரெட்போர்டில் பெரிய பலகை வாங்கினால் ஓரத்தில் ஓடும் சிவப்பு, நீலக் கோடுகளைக் கவனியுங்கள். சில பலகைகளில் அந்தக் கோடு நடுவில் அறுந்திருக்கும். உள்ளே இருக்கும் உலோகப் பட்டையும் அங்கே அறுந்தேதான் இருக்கும். பலகையின் ஒரு பாதி உயிரோடும் மறு பாதி செத்தும் கிடப்பதற்கு இதுவே காரணம். அதனால்தான் எல்லோரிடமும் சொல்வேன்: மின்னழுத்தத்தைக் கோட்டில் அளக்காதீர்கள், ஐசியின் காலிலேயே அளங்கள். கறுப்பு முனை அந்த ஐசியின் தரைக் காலில், சிவப்பு முனை மின்சாரக் காலில். கோட்டில் 5 வோல்ட் இருந்து காலில் 4.2 இருந்தால் நடுவில் ஏதோ ஒரு தளர்ந்த துளையோ மோசமான கம்பியோ மின்சாரத்தைத் தின்கிறது. செருகுகம்பிகளை வாங்கும்போது கம்பியின் நடுவில் சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இருப்பது செம்பு பூசிய இரும்பு. ஐசிக்குப் பக்கத்திலேயே ஒரு 104 மின்தேக்கியை மின்சாரக் காலுக்கும் தரைக் காலுக்கும் இடையே போடுங்கள். காரணமில்லாமல் தானாக மறுதொடக்கமாகும் சுற்றுகளில் கணிசமானவை இதிலேயே அடங்கிவிடும்.

அந்த முதியவரைப் பற்றி மேலும் ஒன்று. எதிர்வீட்டுப் பையன் தண்ணீர் இறைக்கும் சிறு மோட்டாருக்கு 12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுக்க 7805 என்ற ஒழுங்கியைக் கேட்டான். "எத்தனை ஆம்பியர்?" என்றார். "அரை" என்றான். அவர் 7805-ஐ எடுக்கவே இல்லை. அதிகம் சூடாகாமல் மின்னழுத்தத்தைக் குறைக்கும் சிறு மாற்றிப் பலகை ஒன்றை மேசையில் வைத்தார். கணக்கைப் பாருங்கள்: மிஞ்சும் 7 வோல்ட்டும் அரை ஆம்பியரும் பெருக்கினால் 3.5 வாட் வெறும் சூடாகப் போகிறது. வெப்பத் தகடு இல்லாத 7805 ஒவ்வொரு வாட்டுக்கும் 65 டிகிரி அளவுக்கு ஏறும். கணக்குப்படி இருநூறு டிகிரியைத் தாண்ட வேண்டும். அதற்கு முன்பே தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும், ஆறினால் மறுபடி ஓடும். மோட்டார் மூச்சுவாங்கி மூச்சுவாங்கி ஓடுவதைப் பார்த்து மோட்டாரைத்தான் பழிப்போம். 7805 விற்றிருந்தால் அவருக்கும் காசுதான். கேட்டதைக் கொடுக்காமல் வேண்டியதைக் கொடுத்த அந்த ஒரு தருணத்துக்காக அந்தக் கடைக்கு என் நிரந்தர வணக்கம்.

குறைகள் உண்டு. பாகங்களைப் பெரும்பாலும் திருப்பி எடுப்பதில்லை. காலை மடக்கிவிட்டீர்கள் என்று சொன்னால் வாதாட இடமில்லை. ஒரு மின்தடை கேட்டால் பத்தாக எடு என்பார்கள், அது நியாயம்தான். விலை எழுதி ஒட்டியிருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே பாகத்துக்கு இரண்டு கடைகளில் இரண்டு விலை. புதிய நுண்கட்டுப்படுத்திப் பலகைகளின் தேர்வு குறைவு, அவற்றுக்கு இணையமே மேல். முன்பு நான் போன சில கடைகளின் இரும்புக் கதவு இப்போது இறங்கியே கிடக்கிறது. அருகே சுங்கை சாலைச் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதி மூடப்படும்வரை, உடைந்த வானொலிகளை அங்கே சில வெள்ளிக்கு வாங்கி, பிரித்து, தேவையான பாகத்துக்கு மட்டும் டவர் ஏறுவது என் போன்றவர்களின் வழக்கம். இப்போது பிரிக்கப் பழைய பெட்டிகளுக்கே பஞ்சம். அண்டை வீட்டார் தூக்கிப்போடுவதை முந்திக்கொண்டு கேட்டு வாங்குகிறேன்.

ரோச்சோர், ஜாலான் புசார் ஆகிய இரண்டு எம்ஆர்டி நிலையங்களிலிருந்தும் நடந்தே போய்விடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை பிற்பகலும் நிச்சயமில்லை. வார நாளில் காலை பதினொரு மணி வாக்கில் போனால் கூட்டம் இருக்காது, கடைக்காரருக்கும் பொறுமை இருக்கும். பன்னிரண்டரைக்கு மேல் அவர் மேசைக்குப் பின்னால் சோற்றுப் பொட்டலத்தைத் திறந்திருப்பார். அப்போது எண் தெரிந்திருந்தாலும் கேட்காதீர்கள். தேக்கா உணவங்காடி பக்கத்தில்தான் இருக்கிறது, நீங்களும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.